வெற்றிலை மெல்லாத விருந்தாளி

இந்த வாரம் ஒரே வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பி வைத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு நாட்டுப் பையன், புதுச்சேரியில் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் இறங்கி, ஒரு பகல் முழுக்கச் சுற்றியிருக்கிறான். "மாமா, நம்ம ஊரை எப்படிப் புகழ்றான் பாருங்க" என்று அக்கா மகனின் குறிப்பு வேறு. பார்த்தேன். புகழ்கிறான்தான். கீழவீதியில் நின்று கோபுரத்தைப் புகழ்கிறான். ஆட்டோ ஹாரனைப் புகழ்கிறான். சம்பா சாதத்துக்கு வைத்த கத்தரிக்காய் கொத்சுவை ‘சாஸ்’ என்று சொல்லி, விரலை நக்கிப் புகழ்கிறான். கோபுரத்துக்கும் கொத்சுவுக்கும் ஒரே அளவு வாய்ப்பிளப்பு.

எனக்கு அவன்மேல் எரிச்சல் இல்லை. பாவம், சின்னப் பையன், வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. எரிச்சல் எல்லாம் அவனைச் சூழ்ந்துகொண்ட நம்மவர்கள்மேல். கல்லூரிப் பையன்கள், பூக்கடை அம்மா, டீ மாஸ்டர் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "எங்க ஊர் எப்படி இருக்கு?" விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருக்கும் வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பிள்ளைகள் மாதிரி நிற்கிறார்கள். அவன் ‘அமேசிங்’ என்றதும் எல்லோரும் பாஸ். உன் அப்பா என்ன செய்கிறார், கல்யாணம் ஆயிற்றா, சம்பளம் எவ்வளவு என்று ஒருவராவது கேட்டாரா? ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிடம் விழுப்புரம் வருவதற்குள் இத்தனையும் கேட்டு முடித்துவிடுகிற ஜனங்கள், வெள்ளைத்தோலைக் கண்டால் மட்டும் சான்றிதழுக்குக் கை நீட்டுகிறோம்.

வீடியோவில் கடலூரும் வந்தது: பஸ் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் பெண்ணையாற்றுப் பாலம், பிறகு அவன் தூங்கிவிட்டான். புதுச்சேரிக்குப் பக்கத்தில் பிறந்ததற்காக எங்கள் ஊர் அனுபவிக்கும் தண்டனை பற்றி இந்தப் பத்தியில் நான் புலம்பாத வருஷமில்லை. இன்று விட்டுவிடுகிறேன்.

அந்த எரிச்சலோடுதான் அலமாரியிலிருந்து சி.எஸ். சீனிவாசாச்சாரியை எடுத்தேன். "மறுபடியுமா?" என்று முனகும் வாசகர்களுக்கு: ஆமாம், மறுபடியும்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். செஞ்சியின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். பல்கலைக்கழகமே 1943இல் வெளியிட்டது. ராஜாக்களின் பெயரும் சண்டைகளின் தேதியுமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் புத்தகம். கதை கேட்கிற ஆசையில் திறந்தால் மூடிவிடுவீர்கள். ஆனால் அதற்குள் ஒரு போர்த்துகீசியப் பாதிரியார் நடந்துகொண்டிருக்கிறார். அவருக்காகவே என் பிரதியின் முதுகு பிய்ந்து, பசை போட்டு ஒட்டி, மறுபடி பிய்ந்துவிட்டது.

அவர் பெயர் நிக்கோலாவ் பிமெண்டா. ஏசுசபைத் துறவி. இந்தியாவிலிருந்த அந்தச் சபையின் மிஷன்களை மேற்பார்வையிட வந்தவர். 1597இல் அவர் சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்த நேரம் நல்ல நேரமில்லை. செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் ஊரில் வந்து இறங்கியிருக்கிறார். நடராஜர் கோயிலுக்குள் இருக்கும் கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதியில் திருப்பணி நடந்தே தீரும் என்கிறார். தீட்சிதர்கள் நடக்கவிட மாட்டோம் என்கிறார்கள். 1539இல் விஜயநகரத்து அச்சுதராயர் பெருமாளை அங்கே மறுபடி எழுந்தருளச் செய்த காலத்திலிருந்து உள்ளே புகைந்துகொண்டிருந்த விவகாரம், பாதிரியார் வந்த சமயம் பார்த்துப் பற்றிக்கொண்டது.

பெருமாளின் அடையாளத்தைக் கோயிலில் வைக்கலாமா கூடாதா என்பதுதான் சண்டை என்று பிமெண்டா எழுதுகிறார். அந்த அடையாளம் என்ன? பொன் பூசிய ஒரு கம்பம், அதன் அடியில் ஒரு குரங்கு. அனுமாரைக் குரங்கு என்று எழுதிவிட்டாரே என்று கோபப்படுகிறவர்கள் படட்டும். கண்ணில் பட்டதை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அடுத்து எழுதியதைப் படிக்கத் திடமான மனசு வேண்டும். எதிர்த்தவர்கள் கோபுரத்தில் ஏறிக் குதித்தார்கள். இருபது பேர் அப்படி மாண்டார்கள். நாயக்கர் துப்பாக்கியால் சுடச் சொன்னார், இருவர் செத்தார்கள். ஒரு பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டாள். நம் புலவர் எவரும் பாட விரும்புகிற சங்கதியா இது? எதை மறைக்க வேண்டும் என்று தெரியாத வெளியூர்க்காரர் ஒருவர் எழுதி வைத்ததால், 1625இல் லண்டனில் பர்ச்சஸ் பாதிரியார் தொகுத்த பயணக் கதைகளில் அச்சேறி, சீனிவாசாச்சாரி வழியாகச் சிதம்பரத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. 2024இல் கோவிந்தராஜர் சந்நிதிக் கொடிமரத்தை மாற்றப் போய், தீட்சிதர்கள் எதிர்த்து, அதிகாரிகள் பேச்சுவார்த்தைக்கு வந்த செய்தியைப் பேப்பரில் பார்த்தபோது, பொன் பூசிய அந்தக் கம்பம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இத்தனை அமளிக்கு நடுவில் நாயக்கர் பாதிரிகளை அழைத்து வரச் சொல்கிறார். சூனியம் கீனியம் அண்டாமலிருக்க, இருநூறு பிராமணர்கள் வரிசையாகப் போய் வீட்டுக்குத் தீர்த்தம் தெளிக்கிறார்கள். நாயக்கர் பட்டு விரிப்பில் இரண்டு திண்டுகளில் சாய்ந்திருக்கிறார். பட்டுடை, கழுத்தில் முத்தும் மணியும் பதித்த நீண்ட சங்கிலி, உச்சியில் முடிந்த கூந்தல். அன்பாகத்தான் பேசுகிறார். வெற்றிலை கொடுக்கிறார்கள். பாதிரிகள் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், மெல்லவில்லை. நாயக்கருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பிறகு பொன்சரிகைத் துணிகளைப் பரிசாகக் கொடுத்து, தான் கட்டிக்கொண்டிருக்கும் புதுப் பட்டணத்துக்கு ஒரு பாதிரியாரை அனுப்பி வைக்கும்படி கேட்டு வழியனுப்புகிறார்.

நாயக்கருக்கு ஆச்சரியம் என்கிற அந்த அரை வரிக்குத்தான் என் புத்தகத்தின் முதுகு பிய்ந்தது. மற்ற இடமெல்லாம் பிமெண்டா நம்மைப் பார்க்கிறார். செஞ்சியைப் பார்த்துவிட்டு, லிஸ்பனை விட்டால் போர்த்துகலில் இவ்வளவு பெரிய ஊரே இல்லை என்று எழுதுகிறார், நல்லது, சந்தோஷம். வெற்றிலைத் தட்டு வந்ததும் பார்வை திரும்பிக்கொள்கிறது. இப்போது திண்டில் சாய்ந்திருப்பவர்தான் பயணி. அவருக்கு முன்னால் ஒரு விநோத தேசம் கறுப்பு அங்கியில், வியர்வையோடு உட்கார்ந்திருக்கிறது. பெண்டாட்டி கிடையாது, வெற்றிலை கிடையாது. ‘எங்கள் ஊர் எப்படி?’ என்று அவர் கேட்டதாகப் பாதிரியார் எழுதவில்லை. புதுப் பட்டணமோ வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டைப் பக்கம் எழும்புகிறது. ஒரு பாதிரி குடியேறினால் பின்னாலேயே போர்த்துகீசியக் கப்பல் வரும் என்று நாயக்கர் கணக்குப் போட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. (கணக்கில் கெட்டிக்காரர்கள் பிற்பாடு வந்தார்கள். 1690இல் செஞ்சியிலிருந்த ராஜாராமிடம் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை நிலமும் சேர்த்தி என்று ஒப்பந்தம். குண்டைத் தூரமாக விழவைப்பது பீரங்கிக்காரன் சாமர்த்தியம் என்று சென்னையிலிருந்து எழுதியும் அனுப்பினார்கள். இன்று கடலூர் என்று நாம் சொல்வதில் பாதி, அந்தக் குண்டு விழுந்த கிராமங்கள்தான்.)

வெற்றிலையை மென்றிருந்தால் பிமெண்டா என்ன எழுதியிருப்பார்? மென்றவர்கள் எழுதியது இருக்கிறது. 1443இல் ஹெராத்திலிருந்து விஜயநகரத்துக்குத் தூதராக வந்த அப்துர் ரசாக்குக்குத் தேவராயர் வெற்றிலையும் கர்ப்பூரமும் கொடுத்தார். மனுஷன் சொக்கிப் போய்விட்டார். பல்லுக்கு உறுதி, மனசுக்கு உற்சாகம் என்று அடுக்கிக்கொண்டே போய், ராஜா இத்தனை ராணிகளைச் சமாளிப்பதே இந்த இலையின் தயவில்தான் என்கிற முடிவுக்கு வந்துவிடுகிறார். வெனிஸ்காரர் மனூச்சியின் அனுபவம் வேறு. 1656இல் சூரத்தில் இறங்கியவர், ஊரே ரத்தம் துப்புகிறது என்று மிரண்டு, எல்லோருக்கும் பல் பிடுங்கியிருக்கிறார்களா என்று ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் விசாரித்தார். அப்புறம் தானே போட்டுப் பார்த்தார். தலை சுற்றிக் கீழே விழுந்து, செத்தோம் என்றே நினைத்துவிட்டார். அந்த அம்மாள் வாயில் கொஞ்சம் உப்பைப் போட்டுத் தெளிய வைத்தாள். முதல் தடவை பாக்குச் சொருகி விழிபிதுங்கியவர்களுக்கு எங்கள் அத்தையும் இதே வைத்தியம்தான் செய்வாள்; அத்தைக்கு மனூச்சி யாரென்று தெரியாது. அந்த மனூச்சி பிறகு சென்னையிலும் புதுச்சேரியிலும் வீடு வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்து ஆளாகவே ஆகிப்போனார்.

அத்தையின் வெற்றிலைச் செல்லம் புவனகிரி வீட்டுத் திண்ணையில் எப்போதும் திறந்தே இருக்கும். யார் வந்தாலும் பேச்சுக்கு முன்னால் தட்டு நகரும். அத்தை காம்பைக் கிள்ளி, நுனியைக் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் உரித்து, சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே வந்தவரை அளந்துவிடுவாள். இலை மடிந்து வாய்க்குள் போவதற்குள் அவர் கடன் கேட்க வந்தாரா, பெண் கேட்க வந்தாரா என்பது தெரிந்துவிடும். "வெத்தலையை வாங்கிட்டு மடியில வச்சிக்கிறான் பாரு, இவன் காரியம் முடிஞ்சதும் போயிடுவான்" என்பாள் பின்னால். கிருஷ்ணப்ப நாயக்கர் பாதிரிகளைப் பார்த்த பார்வையும் இந்த ரகமாகத்தான் இருந்திருக்கும்.

வெற்றிலை போடச் சொல்லி நான் யாரையும் தூண்டவில்லை. பாக்கே புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004இல் அறிவித்துவிட்டது. என் டாக்டரும் இந்தப் பத்தியைப் படிக்கிறார். ஆனால் தாம்பூலம் வாய் சம்பந்தப்பட்டது மட்டுமா? கொடுப்பதும் வாங்குவதும்தான் அதில் பெரிய பங்கு. சம்பந்தம் பேசினால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்கிறோம். விருந்தாளி கிளம்பினால் வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்புகிறோம். அரசவையிலும் வெற்றிலை கைக்கு வந்தால், பேச்சு முடிந்தது, எழுந்துகொள்ளலாம் என்று அர்த்தம்.

அதனால்தான் கல்யாணத் தாம்பூலப் பை விஷயத்தில் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ‘மறுபடியும் பையா?’ என்று உங்களில் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டுவது எனக்குத் தெரியும். தேங்காய் போய்ச் சாத்துக்குடி வந்தபோது எழுதினேன். சாத்துக்குடி போய்ப் பிளாஸ்டிக் டப்பா வந்தபோது எழுதினேன், இரண்டு வாரம் எழுதினேன் என்று ஆசிரியர் கோபித்துக்கொண்டார். போன முகூர்த்தத்தில் மஞ்சக்குப்பத்து மண்டபம் ஒன்றில் வாங்கிய பையில் இருந்தவை: மூடி போட்ட டப்பா, மரக்கன்று, கைகழுவும் திரவம் ஒரு குப்பி, மணமக்கள் படம் போட்ட அட்டை. பையின்மேல் மயில்கழுத்து நிறத்தில் ‘தாம்பூலம்’ என்று அச்சு. உள்ளே ஒரு வெற்றிலை இல்லை. கவிழ்த்துத் தட்டியும் பார்த்துவிட்டேன்.

பெண்ணின் தகப்பனாரிடம் கேட்டேன். பழக்கமானவர்தான். "யாரு சார் வெத்தலை போடறா இப்ப? குப்பைக்குத்தான் போகுது" என்றார். "மரக்கன்றை யார் நடப்போறா?" என்றேன். சிரித்துவிட்டு அடுத்தவருக்குக் கும்பிடு போடப் போய்விட்டார். பந்தி வாசலில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் தன் பையைத் துழாவிவிட்டு, மடியிலிருந்து சொந்த வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டதையும் பார்த்தேன்.

அடுத்து வரும் முகூர்த்தங்களில் உங்கள் வீட்டுக் கல்யாணம் இருந்தால், டப்பாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டில் கவுளிக் கணக்கில் வெற்றிலை கிடைக்கிறது. மொத்தமாக வாங்கினால் கடைக்காரர் விலையும் குறைப்பார். ஆளுக்கு இரண்டு இலை, கொஞ்சம் களிப்பாக்கு. மெல்லுவதும் மெல்லாததும் வாங்குகிறவர் பாடு. யார் மெல்லவில்லை என்பதை மட்டும் கவனித்து வையுங்கள்.