குட்டிக் கார் பறக்கிறது! பிடிப்பு எங்கே?

உள்ளங்கையில் அடங்கும் கார். அதற்குள் ஒரு மோட்டார். ஒரு பேட்டரி. ரேடியோ அலையை வாங்கிக்கொள்ள ஒரு மெல்லிய கம்பி.

கையில் உள்ள பெட்டியில் பொத்தானை அழுத்தினால் கார் ஓடுகிறது. வலது என்றால் வலது. இடது என்றால் இடது.

பையன் இரண்டு நாள் ஆசையாக ஓட்டுவான். மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு யோசனை வரும். "இது இன்னும் வேகமாக ஓடாதா?"

நான்காம் நாள், கார் நான்கு துண்டாகக் கிடக்கும்!

"வாங்கி ஒரு வாரம் ஆகவில்லை. அதற்குள் பிரித்துப் போட்டுவிட்டாயா?" என்று தாய் கோபிப்பார். தந்தை விலையைச் சொல்லிக் காட்டுவார்.

பிரித்தது தவறா? தவறே இல்லை. பிரித்த பிறகு அவன் முதலில் எதை மாற்றுகிறான் என்பதுதான் கேள்வி. பத்துக்கு எட்டுப் பேர் வேகமான மோட்டாரைத் தேடி ஓடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

பிரிப்பதற்கென்றே வந்த கார்கள்

ரேடியோ மூலம் ஒரு பொருளை ஓட்டுவது புதிய வித்தை அல்ல. 1898-ம் ஆண்டிலேயே நியூயார்க் நகரில் நிகோலா டெஸ்லா என்ற விஞ்ஞானி ஒரு சிறிய படகை இப்படி ஓட்டிக் காட்டினார். கூடி இருந்தவர்கள் மலைத்துப் போனார்கள்.

கார் பொம்மைக்கு இந்த வித்தை வந்தது மிகவும் பின்னால்தான். ஜப்பானில் தமியா என்ற கம்பெனி 1976-ல் ஒரு போர்ஷே காரை விற்றது. உண்மையான காரில் 12-ல் ஒரு பங்கு அளவு. அதை ஓட்ட மைதானம் வேண்டும். வீட்டுக்குள் ஓட்டினால் நாற்காலிக்கும் ஆபத்து, காருக்கும் ஆபத்து!

வீட்டுக்குள் ஓட்டக்கூடிய கார் 1999-ல் வந்தது. ஜப்பானின் கியோஷோ கம்பெனி செய்த அந்தக் காருக்கு "மினி-இசட்" என்று பெயர். 28-ல் ஒரு பங்கு அளவு. நான்கு மெல்லிய பென்சில் பேட்டரிகளில் ஓடும்.

2001-ல் டோமி கம்பெனி அதைவிடச் சின்னதாக ஒன்றைக் கொண்டுவந்தது. பெயர் "பிட் சார்-ஜி". இரண்டு விரலால் தூக்கிவிடலாம். ஓட்டும் பெட்டியின் மேலேயே காரை வைத்து, ஏறக்குறைய ஒரு நிமிடம் மின்சாரம் ஏற்றினால் போதும். ஓடத் தயார். 2002-ல் அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் "ஜிப்ஜாப்ஸ்" என்ற பெயரில் இதே இனத்துக் கார்கள் விற்றன.

இந்தக் கார்களுக்கு வேறு மோட்டார் தனியாகக் கிடைத்தது. வேறு பல்சக்கரம் கிடைத்தது. வேறு மேல்கூடும் கிடைத்தது. "பிரிக்காதே" என்று சொல்லாமல், "பிரித்துப் பார்" என்று சொல்லி விற்ற பொம்மைகள் இவை. பையன்களும் பிரித்தார்கள். அவர்களைக் கோபித்துக்கொண்ட அப்பாக்களும், பையன் தூங்கிய பிறகு பிரித்தார்கள்!

வேகத்துக்கு ஒரு கணக்கு

வேகம், வேகம் என்கிறார்களே, எவ்வளவு வேகம் வேண்டும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு குட்டிக் கார் மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சைக்கிள் வேகம்தான். பெரிய வேகம் போலத் தோன்றாது.

ஆனால் அது ஒரு விநாடிக்கு ஐந்தரை மீட்டர். அதாவது 18 அடி! பல வீடுகளின் கூடம் அவ்வளவு நீளம் இருக்காது. பொத்தானை அழுத்தி ஒரு விநாடிக்குள் கார் சுவரில் இடிக்கும்.

கண் பார்த்து, கை அசைவதற்குக் கால் விநாடி ஆகும். அந்தக் கால் விநாடியில் கார் நாலரை அடி ஓடிவிடும். "திருப்பு" என்று மனம் சொல்வதற்குள் திருப்பம் பின்னால் போய்விடும்.

சிலர் வேறு ஒரு கணக்குச் சொல்லிப் பெருமை அடிக்கிறார்கள். கார் 28-ல் ஒரு பங்கு. ஆகையால் 20-ஐ 28-ஆல் பெருக்கு. 560 கிலோ மீட்டர் வேகம்! கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காரைச் சுருக்கினார்களே தவிர, கூடத்தைச் சுருக்கவில்லை. ஓட்டுகிறவனின் கையையும் சுருக்கவில்லை. இந்தப் பெருமையால் ஒரு திருப்பத்தைக்கூடத் திரும்ப முடியாது.

இன்னொன்றும் உண்டு. வேகம் இரண்டு பங்கு ஆனால், அதே திருப்பத்தைத் திரும்ப நான்கு பங்கு பிடிப்பு வேண்டும். அந்தப் பிடிப்பை மோட்டார் தராது. டயர்தான் தர வேண்டும்.

முதலில் டயரைப் பாருங்கள்

காரில் தரையைத் தொடுவது டயர் ஒன்றுதான். ஆனால் பையன் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான்!

முதல் வேலைக்குக் காசு வேண்டாம். ஈரத் துணியால் டயரைத் துடைத்தால் போதும். தரைத் தூசி டயரில் ஒட்டிக்கொண்டால், பிடிப்பு போய்விடும். ஓட்டுவதற்கு முன்னும் இடையிலும் துடைத்து ஓட்டினால், "இது வேறு கார்" என்று தோன்றும்.

அடுத்தது, முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள உறவு. மினி-இசட் போன்ற காரில் பின் சக்கரம்தான் காரைத் தள்ளுகிறது. பின் டயர் வழுக்கினால், கார் பம்பரம் போலச் சுற்றிவிடும். முன் டயர் வழுக்கினால், சக்கரம் திரும்பியும் கார் திரும்பாமல் நேராகப் போகும். ஆகவே பின்னால் மிருதுவான ரப்பர், முன்னால் கொஞ்சம் கடினமான ரப்பர் என்று போடுகிறார்கள்.

"அப்படியானால் நான்கிலும் மிருதுவான ரப்பர் போட்டால் என்ன?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. முன் டயர் அதிகமாகப் பிடித்தால், கார் திருப்பத்தில் பக்கவாட்டில் கவிழ்ந்துவிடும். பிடிப்பும் அளவோடு வேண்டும்.

மினி-இசட் காரில் ஒரு அழகான வேலைப்பாடு இருக்கிறது. மோட்டார் இருக்கும் பின்பகுதி தனி. முன்பகுதி தனி. இரண்டையும் "டி" என்ற ஆங்கில எழுத்துப் போன்ற ஒரு மெல்லிய தகடு இணைக்கிறது. கார் திரும்பும்போது அந்தத் தகடு கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும். அதனால் பின் சக்கரங்கள் இரண்டும் தரையை விடாமல் பிடித்துக்கொள்ளும். வழுக்கும் தரைக்கு வளையும் தகடு. பிடிப்புள்ள தரைக்கு விறைப்பான தகடு. ஒரு சின்னத் தகட்டை மாற்றினால், காரின் குணமே மாறுகிறது! இதைக் கண்ணால் பார்த்த பையனுக்குப் பெரிய காரின் "ஸ்பிரிங்" எதற்கு என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

திருப்புகிற முறையும் காருக்குக் கார் வேறு. பிட் சார்-ஜி காரில் கம்பிச் சுருளும் காந்தமும் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் சக்கரம் ஒரே பக்கம் முழுதாகத் திரும்பும். கொஞ்சம் திருப்ப முடியாது. மினி-இசட் காரில் சக்கரத்தைத் திருப்பவே ஒரு தனி மோட்டார் உண்டு. அது கைப்பெட்டியின் சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறோமோ, அவ்வளவே திரும்பும். பெரிய காரைப் போல.

சக்கரம் சுற்றும் இடத்தில் சாதாரணமாகச் சிறு வளையம்தான் இருக்கும். அதற்குப் பதில் "பால் பேரிங்" போட்டால் உராய்வு குறையும். அதே மோட்டார், அதே பேட்டரி. கார் கூடுதலாக ஓடும். வேகத்துக்காகச் செலவழிக்கும் முதல் காசு இதற்குப் போவதுதான் நியாயம்.

பல்சக்கரமும் பேட்டரியும்

மோட்டாரின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கும். மினி-இசட் காருக்கு 6 பல், 7 பல், 8 பல், 9 பல் என்று பல அளவு உண்டு. பல் குறைந்தால் கார் சட்டென்று கிளம்பும். உச்ச வேகம் குறையும். பல் கூடினால் உச்ச வேகம் ஏறும். கிளம்ப நேரம் ஆகும், மோட்டாரும் சூடேறும்.

கியர் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது தெரிந்த கதை. மேட்டுக்கு ஒரு கியர், சமதளத்துக்கு ஒரு கியர். சிறிய அறையில் ஓட்டுகிறவன் 9 பல் போட்டு என்ன பயன்? உச்ச வேகம் வருவதற்குள் சுவர் வந்துவிடும்!

பேட்டரியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சாதாரணப் பேட்டரி 1.5 வோல்ட். மீண்டும் மீண்டும் மின்சாரம் ஏற்றக்கூடிய நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட்தான். வோல்ட் குறைவு. ஆனாலும் பந்தயக்காரர்கள் நிக்கல் பேட்டரியையே விரும்புகிறார்கள். ஏன்? மோட்டார் ஒரேயடியாக நிறைய மின்சாரம் கேட்கும்போது, சாதாரணப் பேட்டரி திணறும். நிக்கல் பேட்டரி தயங்காமல் கொடுக்கும். காரும் சுறுசுறுப்பாக ஓடும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

மோட்டாரை மாற்றினால்...

இனி மோட்டார். இந்த மோட்டாருக்குள் இருப்பது காந்தமும் கம்பிச் சுருளும்தான். சுருளில் சுற்று குறைந்து, கம்பி தடித்தால், மோட்டார் வேகமாகச் சுழலும். மின்சாரத்தையும் அதிகமாகக் குடிக்கும்.

சிலர் மோட்டாரைப் பிரித்துக் காந்தத்தையே மாற்றுகிறார்கள். நியோடிமியம் என்ற மிகப் பலமான காந்தத்தை வைக்கிறார்கள். ஜப்பானிய விஞ்ஞானி மசாத்தோ சகாவா 1982-ல் கண்டுபிடித்த இனம் அது.

சரி, புது மோட்டாரைப் போட்டாகிவிட்டது. பையன் பொத்தானை அழுத்துகிறான். கார் சீறிப் பாய்கிறது! இரண்டு சுற்று... மூன்று சுற்று... பிறகு ஒரு கருகல் நாற்றம். கார் நின்றுவிட்டது.

கருகியது மோட்டார் அல்ல. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் "எப்.இ.டி." என்ற சின்னஞ்சிறு பொருள் இருக்கிறது. மின்சாரத்துக்கு அதுதான் வாயில்காப்போன். பழைய மோட்டார் கேட்ட அளவுக்குத்தான் அதற்குத் தெம்பு. புது மோட்டார் பல பங்கு கேட்டது. தாங்க முடியாமல் கருகிவிட்டது.

தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு எப்.இ.டி. மேல் இன்னொன்றை வைத்துப் பற்ற வைக்கிறார்கள். ஒருவன் தூக்கிய மூட்டையை இரண்டு பேர் தூக்குவது போல, சுமை பகிர்ந்துவிடுகிறது. சூடும் குறைகிறது. ஆனால் அரிசி அளவுள்ள பொருளின் கால்களில் ஈயம் வைப்பது பழகிய கைக்கே கடினம்.

மோட்டார், பேரிங், டயர், தகடு, பேட்டரி என்று வாங்கிச் சேர்த்தால், செலவு காரின் விலையைத் தாண்டிவிடும். பணம் இருக்கிற வீட்டுப் பையன் ஜெயிப்பான். இல்லாத வீட்டுப் பையன் பார்த்துக்கொண்டிருப்பான். "எல்லோருக்கும் ஒரே மோட்டார்" என்று விதி வைத்துப் பந்தயம் நடத்தும் சங்கங்கள் உண்டு. மிகச் சரியான விதி! அங்கே பணப்பை போட்டி போடுவதில்லை. துடைத்த டயரும் பழகிய கையும் போட்டி போடுகின்றன.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

பிள்ளை பிரிக்கட்டும். ஆனால் மூன்று பொருள்கள் மீது பெற்றோரின் கண் இருக்க வேண்டும்.

நியோடிமியம் காந்தம் பொடிசாக, பளபளப்பாக இருக்கும். வீட்டில் உள்ள கைக்குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால், அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிய குடல் ஓட்டையாகிவிடும். உயிருக்கே ஆபத்து. விழுங்கினது போலச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சட்டைப் பொத்தான் போன்ற வட்டப் பேட்டரியும் அப்படியே. உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது.

மூன்றாவது லித்தியம் பேட்டரி. 1.2 வோல்ட் இருந்த இடத்தில் 3.7 வோல்ட் லித்தியத்தை வைத்தால், கார் பறக்கும் என்பது உண்மை. ஆனால் அது குத்துப்பட்டாலோ, அளவுக்கு மேல் மின்சாரம் ஏற்றினாலோ தீப்பிடிக்கும். அதற்கென்று உள்ள சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும். ஏற்றும்போது ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மறுபடியும் தொடவே கூடாது. பையன் சொந்தமாக லித்தியம் வைக்கிறேன் என்றால், "இது மட்டும் வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாம். மற்றதற்கெல்லாம் ஒரு திருப்புளியும், திருகுகளைப் போட்டுவைக்க ஒரு கிண்ணமும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

டோமி கம்பெனி 2006-ல் தகாரா கம்பெனியுடன் இணைந்துவிட்டது. ரேடியோ ஷாக் 2015-ல் திவாலானது. ஆனால் அந்தக் குட்டிக் கார்களைப் பழுது பார்க்க முடிகிறது. காரணம், அவை திருகு போட்டு மூடியவை. பாகம் பாகமாகக் கழற்றக்கூடியவை. பசை வைத்து ஒட்டிய மலிவான கார் அப்படி அல்ல. உள்ளே பேட்டரி செத்தால், குப்பைக்குத்தான் போகும்.

கடையில் வாங்கும்போது காரைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் திருகு இருக்கிறதா? டயர் தனியாகக் கழல்கிறதா? மாற்று மோட்டார் கிடைக்குமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். மூன்றுக்கும் "இல்லை" என்றால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.