பெயர் ஒன்று, செடி இரண்டு

காய்ந்து சுருண்டு பந்தாகக் கிடக்கும் செடியொன்றைத் தண்ணீரில் இட்டால், சில மணி நேரத்தில் அது விரிந்துவிடுகிறது. 'எரிக்கோ ரோஜா' என்று உலகச் சந்தைகளில் விற்கப்படும் அச்செடியைக் கண்டு வியவாதார் இலர். ஆயினும், அப்பெயரைத் தாங்கி வருபவை ஒன்றுக்கொன்று உறவில்லாத இருவேறு செடிகள் என்பதைப் பலர் அறியார்.

ஒன்று, அனஸ்டாடிகா ஹைரோசுண்டிகா. மேற்காசிய, வட ஆப்பிரிக்கப் பாலைவனங்களில் வளரும் இது, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1753இல் லின்னேயஸ் வழங்கிய இதன் பேரினப் பெயர், உயிர்த்தெழுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. மற்றொன்று, செலாஜினெல்லா லெபிடோபில்லா. மெக்சிகோவிலும் அமெரிக்காவின் தென்மேற்கிலும் பரந்துள்ள சிகுவாகுவா பாலைவனத்திற்குரிய இது, பூவும் விதையுமின்றி ஸ்போர்களால் பெருகுவது. இரண்டுமே ரோஜா அல்ல.

வேறுபாடு குடும்பத்தோடு நிற்பதில்லை. அனஸ்டாடிகா விதை முற்றியதும் மடிந்துவிடுகிறது. நீர் பட்டதும் விரிபவை அதன் உயிரற்ற கிளைகளே. விரிந்த கிளைகளில் உள்ள கனிகளின்மீது மழைத்துளி விழ, விதைகள் சிதறிப் புதுத் தலைமுறை தோன்றுகிறது. செலாஜினெல்லாவோ ஏறத்தாழ முழுதும் உலர்ந்தும் உயிரை விடுவதில்லை. அதன் உயிரணுக்களைக் காப்பதில் டிரெஹலோஸ் என்னும் சர்க்கரைக்குப் பங்குண்டு. நீர் கிடைத்ததும் அது மீண்டும் பசுமை கொள்கிறது. ஆகவே, விரிவதைக் கொண்டு மட்டும் உயிருண்டு எனத் துணிதல் தவறு. இலையற்ற மரத்தன்மையுள்ள குச்சிகளா, செதிலிலைகள் அடர்ந்த தண்டுகளா என நோக்கினால் இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம். 'லெபிடோபில்லா' என்னும் சொல்லே செதிலிலை எனப் பொருள்படுவது.

'அழகுக்காக வாங்கும் பொருளுக்கு அறிவியற்பெயர் எதற்கு?' எனச் சிலர் வினவலாம். மேற்காசிய நாட்டு மருத்துவத்தில் மகப்பேற்றை எளிதாக்கும் என்னும் நம்பிக்கையில், அனஸ்டாடிகாவை ஊறவைத்த நீரைப் பெண்கள் பருகும் வழக்கம் உண்டு. பெயரை மட்டும் நம்பி வாங்குவோர் கையில் வேறொரு செடி சேருமாயின், பிழையின் விளைவைச் சுமப்பது ஓர் உடல், ஒருவேளை ஈருடல்.

வழக்குப்பெயர்களைக் கைவிட வேண்டுவதில்லை. அவை மக்களின் வியப்பையும் நம்பிக்கையையும் சுமந்து வருபவை. ஆனால், விற்கப்படும் ஒவ்வொரு செடியிலும் வழக்குப்பெயரின் அருகே அறிவியற்பெயரும் இடம்பெறுதல் வேண்டும். வழக்குப்பெயர் செடியிடம் நம்மை அழைத்துச் செல்லும். அது எச்செடி என்பதை அறிவியற்பெயரே உறுதிசெய்யும்.