தட்டின் மறுபாதிக்கு யார் விலை கட்டுவது?



சுகாதார அமைச்சு பரப்பிவரும் 'சுக்கு சுக்கு செபாரோ' உணவுத் தட்டை அறியாத பள்ளி இன்று இருக்காது. (நம் அஞ்சறைப் பெட்டிச் சுக்கு அன்று, மலாய் மொழியில் கால் பங்கு என்று பொருள்!) தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதிப் பாதி முழுவதும் காய்கறியும் பழமும். நலக்கல்விப் பாடத்தில் நானும் இதைத்தான் கற்பிக்கிறேன். ஆனால், அந்தத் தட்டைக் கடையின் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம் நாட்டில் நெடுங்காலமாக விலைக் கட்டுப்பாடோ உதவித்தொகையோ பெற்றுவந்தவை எவை? உள்ளூர் வெள்ளை அரிசி, கோதுமை மாவு, சமையல் எண்ணெய், சீனி. ஒரு கிலோ பொட்டல எண்ணெய்க்கு 2 ரிங்கிட் 50 காசு என்று விலை வரம்பு கட்டப்பட்டது. 2018 செப்டம்பரில் சீனியின் உச்சவிலை கிலோவுக்கு 2 ரிங்கிட் 85 காசாகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது. ஒரு கையால் சீனியை மலிவாக்கி, மறு கையால் அதற்கு வரி விதிக்கும் இந்த விந்தையை என்னென்பது! கோழிக்கான உதவித்தொகை 2023 நவம்பரிலும் முட்டைக்கானது 2025 ஆகஸ்டிலும் நீங்கிவிட்டன. தட்டின் மறுபாதியான காய்கறிக்கும் பழத்துக்கும் ஆண்டு முழுவதும் அத்தகைய காவல் இருந்ததில்லை. பெருநாள் காலங்களில் தக்காளி, மிளகாய் போன்ற சிலவற்றுக்குச் சில நாள் உச்சவிலை அறிவிப்பார்கள்; அவ்வளவே.

அரிசிக்கு உதவி கூடாது என்று நான் சொல்லவரவில்லை. வயிறு நிறைவது வேறு, உடல் வளர்வது வேறு என்கிறேன். ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனம் 2020இல் வெளியிட்ட உலக அறிக்கை, சத்துணவுக்கு ஆகும் செலவு வெறும் மாவுப்பொருளால் பசியாற்றும் செலவைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கணக்கிட்டது. அக்கணக்கும் ஒவ்வோர் உணவு வகையிலும் சந்தையில் கிடைக்கும் மிக மலிவான பொருள்களை வைத்தே போடப்படுகிறது. சந்தைக்குச் செல்லும் பேருந்துக் கட்டணமும் சமையல் எரிவாயுவும் அதில் இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலை முடித்துத் திரும்பும் தாய் கீரை ஆய்வதற்கு ஆகும் நேரமும் இல்லை.

கோலாலம்பூர் மலிவுவிலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். 23 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள். இவர்கள் அங்காடியே இல்லாத காட்டில் வாழ்பவர்கள் அல்லர். தலைநகரில், பேரங்காடிகளின் நிழலில் வளர்பவர்கள். கடையில் பொருள் இருப்பதும் அது குழந்தையின் தட்டுக்கு வந்து சேர்வதும் ஒன்றல்ல.

இத்தகைய அடுக்குமாடிகளில் தோட்டப்புறத்திலிருந்து பெயர்ந்த நம் குடும்பங்களும் உண்டு. லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கை நின்றது, பசளை படர்ந்தது, சிலர் மாடும் வளர்த்தார்கள். கூலி குறைவு, துன்பம் மிகுதி. அந்த வாழ்வைப் பொற்காலம் என்று பாட நான் வரவில்லை. ஆயினும், காசில்லாத நாளிலும் குழம்பில் கீரை இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மாடிவீடு கிடைத்தபோது அந்த ஒரு பிடி மண் போயிற்று. அதற்கு யாரும் இழப்பீடு கணக்கிடவில்லை.

ஆகவே, உடனடி மீயைப் பொட்டலமாகக் கொண்டுவரும் பிள்ளையை வகுப்பின்முன் நிறுத்தி, "அம்மா சமைக்கமாட்டார்களா?" என்று கேட்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். அக்கேள்விக்கு விடை அந்தப் பிள்ளையிடம் இல்லை.

பள்ளியளவில் செய்யக்கூடியவை உண்டு. கூடுதல் உணவுத் திட்டத்தில் உண்ணும் பிள்ளைகளின் தட்டில் காய்கறி உண்மையாகவே பாதி இருக்கிறதா என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மாதம் ஒருமுறையாவது நேரில் பார்க்கலாம். சிற்றுண்டிச்சாலைக் குத்தகையை முடிவுசெய்யும்போது, ஒரு துண்டுப் பழம் ஒரு துண்டுப் பலகாரத்தைவிட மலிவாக விற்கப்பட வேண்டும் என்று கேட்கலாம். பள்ளித் தோட்டமோ பல இடங்களில் போட்டிக்கென்றே தளிர்த்து, நடுவர்கள் போனதும் வாடிவிடுகிறது. காங்கோங் கீரை நட்டு ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடும். அறுத்த கட்டுகளைக் காட்சிக்கு வைத்துப் படம் எடுப்பதற்குப் பதில், அன்று மாலையே பிள்ளைகளின் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்புங்கள்.