மார்கழி வெயிலும் மான் படமும்

மான் படம் எடுப்பது பற்றி பி.காம். படிக்கிறவனுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிடாதீர்கள். டெபிட், கிரெடிட் போக மிச்ச நேரமெல்லாம் கேமராவோடு அலைகிற ஆள் நான். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கண்ணில் படுவது புகைக்கூண்டும் கன்டெய்னர் லாரியும்தான். பறவை வேண்டுமென்றால் பழவேற்காடு இருக்கிறது. மானுக்கு கிண்டிதான் போக வேண்டும். புறநகர் ரயிலில் சென்ட்ரல், ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து இன்னொரு ரயில்.

கிண்டி தேசியப் பூங்கா 1978ல் அறிவிக்கப்பட்டது. மொத்தமே சுமார் 2.7 சதுர கி.மீ. ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, இன்னொரு பக்கம் ஐஐடி. ஊருக்கு நடுவே புள்ளிமானும் வெளிமானும் மேய்வது வேறு எத்தனை பெருநகரங்களுக்கு வாய்த்திருக்கிறது? (வெளிமான் கணக்குப்படி மான் இனமே இல்லை. புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டு, விழுந்து, மறுபடி முளைக்கும். வெளிமானுக்கு முறுக்கிய கொம்பு, கிளையும் கிடையாது, விழுவதும் கிடையாது. பேச்சு வழக்கில் இரண்டையும் மான் என்றே வைத்துக்கொள்வோம்.)

சரி, விஷயத்துக்கு வருவோம். டிசம்பர், ஜனவரி வந்தால் வாட்ஸப் ஸ்டேட்டஸ் முழுக்க மான் படம். எல்லாமே ஒரே ஆரஞ்சு நிறம். காலை மூட்டத்தை மென்பொருளில் துடைத்துவிட்டு, அதற்கு மேல் ஒரு தங்க முலாம் பூசியிருப்பார்கள். குளிர்காலத்து ஒளியே போதுமான அளவு நல்ல ஒளி, அதைக் கெடுக்காமல் இருந்தாலே படம் பாதி தேறிவிடும் என்பது என் கட்சி.

காரணம் இருக்கிறது. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் உச்சிப்பொழுதில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 53, 54 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. மே மாதப் பாதியில் காலை ஒன்பதரை மணிக்கே கிட்டத்தட்ட அந்த உயரத்துக்கு வந்துவிடுகிறது! டிசம்பரில் காலை ஒன்பதுக்கு சூரியன் இருப்பது வெறும் 31 டிகிரியில். விடியற்காலையில் உள்ளே விட மாட்டேன் என்கிறார்களே என்று புலம்புகிறவர்களுக்கு இது நல்ல சேதி. கோடையில் எட்டு மணிக்குள் முடிந்துவிடும் சாய்ந்த வெயில், மார்கழியில் ஒன்பதைத் தாண்டியும் நம் கையில் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே கரிய நிழல் விழாது, மானின் விழியில் ஒரு ஒளிப்புள்ளி தானாக வந்து உட்காரும்.

வடகிழக்குப் பருவமழை முடிகிற நேரம் என்பதால் புல்லும் பச்சையாக இருக்கும். மேகம் மூடியிருந்தால் "லைட் இல்லைடா" என்று கேமராவை மூடி வைக்கிறார்கள். புள்ளிமானுக்கு அதுதான் நல்ல நேரம். மரத்தடியில் வெயில் திட்டுத்திட்டாக விழும்போது அதன் புள்ளியும் வெயில் திட்டும் ஒன்றாகக் கலந்துவிடும். இயற்கை அதற்குக் கொடுத்த மறைப்பே அதுதானே. மேகமூட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரியும்.

வெளிமான் கலைதான் படுத்துகிற ஆள். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கறுப்பு ஃப்ரேமை நிறைத்தால் கேமரா ஏமாந்து ஒளியைக் கூட்டும், வெள்ளை சுண்ணாம்பாகிவிடும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள். மூட்டம் நிறைந்த காலையில் நேர் எதிர், கொஞ்சம் கூட்டுங்கள். வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் காலையின் இளமஞ்சளைத் தவறு என்று நினைத்து அது திருத்திவிடும், டேலைட்டில் வையுங்கள். நிற்கிற மானுக்கே ஷட்டர் 1/250க்குக் கீழே போக வேண்டாம், காது ஆடிக்கொண்டே இருக்கும். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். பொரிப்பொரியாகத் தெரிகிற படத்தைச் சரி செய்யலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. மானின் கண் நம் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, ஆகவே உட்கார்ந்துவிடுங்கள். பேன்ட் அழுக்காகும், பரவாயில்லை.

லட்ச ரூபாய் லென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. மா.கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் மாதவையாவின் மகன், காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். ஆரஞ்சு முலாம் பூசுகிற வசதி அவருக்கு இல்லை. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கத் தெரிந்திருந்தது.

இனி எனக்குக் கோபம் வருகிற இடம். லென்ஸ் நீளம் போதவில்லை என்றால் மானைக் கிட்டே வரவழைக்க ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: பிஸ்கட், சிப்ஸ். போன வருடம் ஒரு கல்லூரிப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய மான் படம் அப்படி எடுக்கப்பட்டதுதான். எடுத்தவரே பெருமையாகச் சொன்னார். நடுவர்கள் கேட்கவும் இல்லை. சிப்ஸ் தீர்ந்ததும் கவர் எங்கே போகிறது? உப்பு ஒட்டிய கவரை மான் நக்கும், பிறகு தின்னும். ஜப்பானில் நாரா பூங்கா மான்கள் சுற்றுலாக்காரர்களிடம் தீனி வாங்கித் தின்பதற்கு உலகப் புகழ் பெற்றவை. அங்கே விற்கிற மான் பிஸ்கட்டுக்கு பிளாஸ்டிக் உறையே கிடையாது. அப்படியும் 2019ல் இறந்த மான்கள் பலவற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது, ஒன்றின் வயிற்றில் மட்டும் 4.3 கிலோ. நம் ஐஐடி வளாகத்து மான்கள் பற்றியும் இதே மாதிரி செய்திகள் வந்திருக்கின்றன.

லண்டன் ரிச்மண்ட் பூங்காவில் மானிடமிருந்து 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்கிறார்கள். அங்கிருந்துதான் அத்தனை நல்ல படங்களும் வருகின்றன. மான் சிறியதாகத் தெரிந்தால் என்ன? சுற்றியுள்ள புல், மூட்டம், பின்னால் ஒரு மதில் சுவர், எல்லாம் சேர்ந்ததுதானே கிண்டி. போட்டி நடத்துகிறவர்கள் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: தீனி போட்டு எடுத்ததா, கூண்டு விலங்கா, காட்டு விலங்கா? ஃபைனல் அக்கவுண்ட்ஸில் அடிக்குறிப்பு கேட்கிறார்கள், படத்துக்குக் கேட்கக்கூடாதா? :-)

பொங்கல் லீவில் கிளம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். போகியன்று காலை கண்ணுக்குத் தெரிவது மூட்டம் இல்லை, பழைய பாயும் டயரும் எரிந்த புகை. அதில் எந்த எக்ஸ்போஷரும் உதவாது. காணும் பொங்கலன்று கிண்டி பக்கமே போகாதீர்கள், மனிதத் தலைதான் தெரியும். அதற்கு அடுத்த வாரம், வேலை நாளாகப் பார்த்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து முதல் வண்டியைப் பிடியுங்கள்.