நம்ம ரயிலும் அந்த வழியாத்தான் போகுது

"குரங்கு பார்க்கவா காலங்காத்தால எழுப்பறீங்க?"ன்னு தங்கமணி திட்டினாங்க. நியாயம்தான், நம்ம ஊர்ல பார்க்காத குரங்கா! ஆனா அஸ்ஸாம் மரியானி பக்கத்துல ஹோலோங்காபார் காட்டுல, உச்சாணிக் கிளையிலிருந்து ஒரு ஜோடி சேர்ந்து கூவ ஆரம்பிச்சதும் அம்மணி கப்சிப்.

குரங்குன்னு சொல்றதே தப்புங்க. ஹூலக் கிப்பனுக்கு வால் கிடையாது. ஆண் கறுப்பு, பெண் பழுப்பு, ரெண்டுக்கும் வெள்ளைப் புருவம். அப்பா, அம்மா, பிள்ளைங்கன்னு நம்மள மாதிரியே சின்னக் குடும்பம். கையாலேயே தொங்கித் தொங்கிக் கிளைக்குக் கிளை போகும். தரையில இறங்கறது ரொம்ப அபூர்வம்.

வில்லங்கமே இங்கதான். காடு மொத்தம் சுமார் 21 சதுர கிலோமீட்டர், சுத்தி தேயிலைத் தோட்டம். அதையும் 1887-ல வெள்ளைக்காரன் போட்ட ரயில் பாதை ரெண்டா வெட்டுது. 1997-ல சரணாலயமாச்சு, ரயில் மட்டும் நிக்கலை. இருக்கிறதே நூத்திச் சொச்சம் கிப்பன். அதுலயும் சின்னத் துண்டுல மாட்டின குடும்பங்கள் அங்கேயே முடங்கிப் போச்சு. பிள்ளை வளர்ந்தா ஜோடி தேடி இந்தப் பக்கம் வரணும். வரன் எதிர்ல, நடுவுல தண்டவாளம்!

2015-ல ரயில்வே ஒரு இரும்புப் பாலம் வெச்சாங்க. கிப்பன் அதைச் சீந்தலை. அப்புறம் இந்தத் தடத்துல மின்கம்பி இழுக்கற திட்டம் வந்தது. கயிற்றுப் பாலம் கட்டிட்டா சரியாயிடும்னாங்க. வால்பாறையில ரோட்டுக்கு மேல கட்டின பாலத்துல சிங்கவால் குரங்கு போகுதுதான். ஆனா அது தேவைப்பட்டா தரையிலயும் நடக்கும். கிப்பனுக்கு அந்த வழி இல்லை. கிளைன்னு நினைச்சு மின்கம்பியைப் பிடிச்சா?

என்னைக் கேட்டா, பாலம் தற்காலிக வைத்தியம். கிப்பன் அதுல போய் வர்றதைக் கண்ணால பார்த்த பிறகுதான் கம்பியில மின்சாரம் விடணும். ஆராய்ச்சியாளர்கள் சிலர் கேட்ட மாதிரி, பாதையையே காட்டுக்கு வெளியே கொண்டு போறதுதான் நிரந்தரத் தீர்வு. செலவாகும், சுத்து வழியாகும். ஆகட்டுமே.

இதைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதைன்னு கேப்பீங்க. திப்ருகர்லேருந்து கன்னியாகுமரி போற விவேக் எக்ஸ்பிரஸ் இதே தடத்துலதான் ஓடுது. லீவுக்கு ஊருக்குப் போறப்பல்லாம் அந்தக் காட்டை நான் தூங்கிக்கிட்டே தாண்டியிருக்கேன். நாலு நாள் பயணத்துல இன்னும் ஒரு மணி நேரம் கூடினா எனக்கு ஒண்ணும் குறையாது. உங்களுக்கு?