பெரிய எஞ்சினும் சிறிய சுமையும்

பெரிய பெட்ரோல் கார் ஒன்று விற்பனை ஏட்டில் குறிக்கப்பட்ட மைலேஜைத் தரவில்லை என்னும் முறையீடு பணிமனைக்கு வந்ததும், ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதும் இன்ஜெக்டரைக் கழுவுவதும் ஆக்சிஜன் சென்சாரைச் சந்தேகிப்பதும் வழக்கமாகிவிட்டன. பழுதே இல்லாத எஞ்சினிலும் அந்தக் குறைவு எதனால் நேர்கிறது என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் இத்தொழிலில் இன்னும் வேரூன்றவில்லை.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் ஒரு பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு என்னும் எடை விகிதம் காக்கப்பட வேண்டியிருப்பதால், குறைந்த ஆற்றல் போதும் என்னும் வேளையில் எரிபொருளை மட்டும் குறைத்துவிட முடியாது. உள்ளே வரும் காற்றையும் த்ராட்டில் வால்வு மறித்தாக வேண்டும். அவ்வாறு குறுக்கப்பட்ட வழியே காற்றை இழுக்கப் பிஸ்டன்கள் வீணாகச் செலவிடும் வேலையே உறிஞ்சல் இழப்பு எனப்படுகிறது. காற்றை மறிக்காமல் எரிபொருளின் அளவால் மட்டுமே ஆற்றலைக் கட்டுப்படுத்தும் டீசல் எஞ்சினில் இவ்விழப்பு மிகச் சிறிது.

இந்த இழப்பு பெரிய காரில் எவ்வளவு ஆழமாக வேலை செய்கிறது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டிவிடும். எடை 2,000 கிலோகிராம், காற்றுத்தடைக் கெழு 0.30, முன்பரப்பு 2.3 சதுர மீட்டர், டயரின் உருளல் தடைக் கெழு 0.01 எனக் கொண்டால், சமதரையில் 100 கிலோமீட்டர் வேகத்தைக் காத்துச் செல்ல அக்காருக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 14 கிலோவாட்; 40 கிலோமீட்டர் வேகத்திலோ 3 கிலோவாட்டைக்கூட எட்டுவதில்லை. 250 கிலோவாட் தரவல்ல எஞ்சின் ஒன்று தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தன் திறனின் பதினெட்டில் ஒரு பங்கிலும் அதற்குக் கீழேயும் கழிக்கிறது என்பதே இதன் பொருள். பெட்ரோல் எஞ்சின் மிக மோசமான பயனுறுதிறனில் இயங்கும் இடமும் அதுவே.

நகரச் சாலை இதன்மேல் வேறொரு சுமையையும் ஏற்றுகிறது. 2,000 கிலோகிராம் எடையுள்ள கார் 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது அதில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 193 கிலோஜூல். ஒவ்வொரு சிக்னலிலும் பிரேக் அதனை வெப்பமாக்கி விட்டுவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள 32 மெகாஜூலில் ஐந்தில் ஒரு பங்கே சக்கரத்தைச் சேர்கிறது எனக் கொண்டால், இத்தகைய நிறுத்தம் ஒவ்வொன்றுக்கும் 30 மில்லிலிட்டர் போகிறது; 33 நிறுத்தங்களில் ஒரு லிட்டர் தீர்ந்துவிடுகிறது. 4.6 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் ஏ.சி. இல்லாமல் வெறுமனே ஐட்லிங்கில் நின்றாலே மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் குடிக்கும் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் குறையைப் போக்கும் முயற்சி புதிதன்று. தேவையற்ற சிலிண்டர்களின் வால்வுகளை மூடிவைத்து, எஞ்சியவற்றை அதிகச் சுமையில், த்ராட்டில் நன்கு திறந்த நிலையில் இயக்கும் முறையை காடிலாக் நிறுவனம் 1981 மாடலின் எட்டு சிலிண்டர் எஞ்சினிலேயே கொண்டுவந்தது. அக்காலக் கட்டுப்பாட்டுக் கணினியின் வேகம் அதற்குப் போதாமையால் அது நிலைக்கவில்லை. கிரைஸ்லரின் 5.7 லிட்டர் ஹெமி போன்ற எஞ்சின்கள் இருபதாண்டுகளுக்கும் மேல் கழித்தே அதனை மீண்டும் பரவலாக்கின. கொள்ளளவைக் குறைத்து டர்போ பொருத்துவது மற்றொரு வழி. ஆனால் அத்தகைய எஞ்சின் கடுஞ்சுமையில் ஓடும்போது டர்பைனையும் கேட்டலிஸ்டையும் வெப்பத்திலிருந்து காக்கக் கூடுதல் பெட்ரோல் ஊற்றப்படுவதால், மென்மையான சோதனையில் தெரிந்த சிக்கனம் விரைவுச்சாலையில் கரைந்துவிடக்கூடும்.

சோதனை மென்மையாகவே நெடுங்காலம் இருந்தது. ஐரோப்பாவின் பழைய என்.இ.டி.சி. ஓட்டமுறை 1,180 நொடிகளில் 11 கிலோமீட்டரையே கடந்தது. 2017-இல் வந்த டபிள்யூ.எல்.டி.பி. 1,800 நொடிகளில் 23 கிலோமீட்டருக்கு மேல் கடப்பதோடு 131 கிலோமீட்டர் வேகத்தையும் தொடுகிறது. 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் புதிய பெட்ரோல், டீசல் கார்கள் அனைத்தும் தாம் செலவிட்ட எரிபொருளையும் கடந்த தூரத்தையும் தமக்குள்ளேயே வாழ்நாள் கணக்காகப் பதிவு செய்ய வேண்டும் என விதிக்கப்பட்டதன் பயனாக, அந்த ஆண்டின் கார்களைக் கொண்டு ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, பெட்ரோல் கார்களின் உண்மைச் செலவு புதிய சோதனையின் அளவைவிடவும் 23.7 விழுக்காடு கூடுதல் என்று காட்டியது. இந்தியச் சோதனை ஓட்டமுறையோ பழைய ஐரோப்பிய முறையைத் தழுவி, உச்ச வேகத்தை 90 கிலோமீட்டராகக் குறைத்து அமைக்கப்பட்டது. அதன் எண்ணைக் கொண்டு பழுதைத் தீர்மானிப்பது முறையாகாது. எத்தனாலின் ஆற்றல் லிட்டருக்கு 21 மெகாஜூல் அளவே ஆதலால், 20 விழுக்காட்டுக் கலவை தூய பெட்ரோலைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு ஆற்றல் குறைந்தது என்பதும் முறையீட்டை எடைபோடுகையில் கணக்கில் வர வேண்டும்.

அளக்கும் அலகும் பார்வையைத் திரிக்கிறது. நகரில் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் தந்து 100 கிலோமீட்டரும், நெடுஞ்சாலையில் 12 தந்து 100 கிலோமீட்டரும் ஓடிய காரின் சராசரி 8.5 அன்று, 7.1 மட்டுமே. 6 கிலோமீட்டரை 7 ஆக்கினால் 100 கிலோமீட்டருக்கு 2.4 லிட்டர் மிச்சமாகும்; 15-ஐ 16 ஆக்கினால் மிச்சம் 0.4 லிட்டரே. ஆகவே பெரிய காரைப் பொறுத்தவரை 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவதே நேர்மையான கணக்கு என்பது இவ்விதழின் உறுதியான கருத்து.

வாழ்நாள் எரிபொருள் பதிவை இந்தியாவிலும் கட்டாயமாக்கி, அதனைச் சாதாரணப் பணிமனையின் ஸ்கேனரும் படிக்க வழிசெய்ய வேண்டும். அதுவரை, டாங்க்கை முழுதாக நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பி அளக்கும் முறையை ஒருமுறையோடு நிறுத்தாமல் நான்கைந்து முறை தொடர்ந்து செய்யும்படி வாடிக்கையாளரிடம் கேட்பதும், டாஷ்போர்டு காட்டும் சராசரி வேகத்தை ஜாப் கார்டில் குறித்துக்கொள்வதும் போதும். அந்த வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் எனில், ஆயிரம் கிலோமீட்டரைக் கடக்க எஞ்சின் 55 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. 60 எனில் 17 மணி நேரமே ஓடியிருக்கிறது. ஸ்பானரை எடுப்பதற்கு முன் தொழில்நுட்பர் பார்க்க வேண்டிய எண் அது.