உப்பு லோடும் குடம் லோடும்



பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு வீட்டையே கோத்து இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் வழக்கம் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு. படுக்கை, அடுப்படி, குளியலறை எல்லாம் அடங்கிய டிரெய்லர். ராத்திரி எங்கே இருட்டுகிறதோ அங்கே நிறுத்தித் தூங்கலாம். நம் தாத்தா பாட்டி கூண்டு வண்டி கட்டி, அரிசி பருப்போடு திருச்செந்தூர் போனது போலத்தான். அந்த வசதி நம்மில் யாருக்கு இருக்கிறது, நமக்கு எதற்கு இந்தக் கதை என்று கேட்பீர்கள். டிரெய்லர் கோத்த அந்த வெள்ளைக்காரரின் தலைவலியும், தூத்துக்குடியில் லோடு வண்டி ஓட்டும் என் தாய்மாமாவின் தலைவலியும் ஒன்றுதான். "போட்ட டீசல் எங்கலே போச்சு?"

இந்தக் கேள்விக்கு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "லோடு ஜாஸ்தி, அதான் குடிக்குது." டீக்கடையில் கேட்டாலும் சரி, ஒர்க்‌ஷாப்பில் கேட்டாலும் சரி. நான்குவழிச் சாலையில் இந்தப் பதில் பாதிக்கும் கீழேதான் உண்மை என்பது என் கருத்து. பதில் தப்பாக இருப்பதால் சில பேருடைய சம்பளம் குறைகிறது. அதனால்தான் மலரில் கவிதை எழுதாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

எடைதான் எல்லாம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? மாட்டு வண்டியிலிருந்து வந்தது என்பேன். நான் பாஞ்சாலங்குறிச்சிக்காரன். எங்கள் ஊர் வீரசக்கதேவி கோவில் திருவிழாவில் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்து வளர்ந்தவன். பந்தயம் வருஷத்தில் ஒரு நாள். மற்ற நாளெல்லாம் வண்டி மணிக்கு நாலு கிலோமீட்டர் போனால் பெரிது. அந்த வேகத்தில் காற்று என்று ஒன்று எதிரே இருப்பதே மாட்டுக்குத் தெரியாது. மூட்டை ஒன்று கூடினால் நுகம் அழுத்தும். கரிசலில் சக்கரம் புதையும். ஆக, மாட்டு வண்டி ஓட்டியவர்கள் எடையைக் கணக்குப் பார்த்தது முழுக்கச் சரி. அந்தக் கணக்கை அப்படியே எண்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவந்தது நம் தலைமுறை. (இழுப்பு என்றால் என்னவென்று சிறையில் செக்கிழுத்துக் காட்டிய வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம் எங்களுக்கு அடுத்த ஊர். எங்களுக்கே இந்தக் குழப்பம்!)

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் எல்லோரும் எழுதிய சூத்திரம்தான். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. டயரின் உருளல் தடையோ எடையைப் பொறுத்தது. வேகம் கூடினாலும் பெரிதாக மாறாது. பரீட்சையில் இரண்டையும் தனித்தனியாக எழுதி மார்க் வாங்கிவிட்டோம். ஒரே வண்டியில் இரண்டையும் வைத்துக் கூட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நான் போட்டுப் பார்த்தேன். பெரிய கணக்கு இல்லை, கால்குலேட்டரில் ஒரு மணி நேர வேலை. காலி எடை 1,700 கிலோ உள்ள ஒரு பிக்கப். ஒரு நாள் அதில் ஒன்றரை டன் உப்பு மூட்டை, பாடிக்குள்ளேயே அடங்கிய லோடு. இன்னொரு நாள் வெறும் 300 கிலோ பிளாஸ்டிக் குடம், ஆனால் கேபினுக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்கு வலை போட்டுக் கட்டியது. டயரின் உருளல் தடைக் கெழு 0.012 என்று வைத்துக்கொண்டேன். இழுவைக் கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கினால் உப்பு வண்டிக்கு 2 சதுர மீட்டர், குடம் வண்டிக்கு 4 சதுர மீட்டர். இவை நான் எடுத்துக்கொண்ட மதிப்புகள். வண்டிக்கு வண்டி மாறும்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் உப்பு வண்டிக்கு மொத்தத் தடை 518 நியூட்டன். குடம் வண்டிக்கு 519. சமம்! அதற்கு மேல் வேகம் போகப் போகக் கதை மாறுகிறது. 60-இல் உப்புக்கு 695, குடத்துக்கு 874. 80-இல் உப்புக்கு 944, குடத்துக்கு 1,371. ஒரு டன்னுக்கு மேல் எடை குறைந்த வண்டி, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இழுப்பு கேட்கிறது!

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் சக்தி இருக்கிறது. எஞ்சின் சூட்டிலும் புகையிலும் போனது போக, சக்கரத்துக்கு 10 மெகாஜூல் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், 80-இல் உப்பு வண்டி லிட்டருக்கு 10.6 கி.மீ. தரும், குடம் வண்டி 7.3 தரும். 60-இல் ஓட்டினால் அதே குடம் வண்டி 11.4 தரும். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குச் சுமார் 50 கி.மீ. 80-இல் போனால் 60-இல் போவதைவிடப் பன்னிரண்டரை நிமிஷம் மிச்சம். அந்தப் பன்னிரண்டரை நிமிஷத்தின் விலை இரண்டரை லிட்டர் டீசல்.

இப்போது மாமா கதைக்கு வருகிறேன். அவர் ஓட்டுவது சொந்த வண்டி இல்லை. முதலாளி பெயர் இங்கே வேண்டாம். நல்ல மனுஷர்தான், கணக்கில் மட்டும் கறார். உப்பு லோடு என்றால் லிட்டருக்கு 10 கி.மீ. ஓடினால் போதும், குடம், மெத்தை மாதிரி லோடு என்றால் 13 ஓடவேண்டும் என்பது அவர் சட்டம். "வெயிட்டே இல்லியே, பெறவு ஏன் குடிக்கு?" என்பார். குறைகிற டீசலுக்குப் பேட்டாவில் பிடித்தம். அதே வாயால் மதியத்துக்குள் திருநெல்வேலிக்கு இரண்டு நடை போய்வரவும் சொல்வார். 80-க்குக் குறையாமல் மிதித்தால்தான் இரண்டு நடை முடியும். 80-இல் மிதித்தால் 13 எந்தக் காலத்திலும் வராது. வண்டி மேல் தப்பில்லை, ஓட்டுகிறவர் மேலும் தப்பில்லை. ஆனால் மாதக் கடைசியில் டீசலைத் திருடியவர் மாதிரி தலை குனிந்து நிற்பது அவர்தான்.

ஆனி, ஆடி வந்தால் இன்னும் மோசம். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து இந்தக் கரிசல் காட்டில் மறிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஓடி வரும். கடற்கரைக்காரர்கள் இதைக் கச்சான் என்பார்கள். கட்டபொம்மனை 1799-இல் தூக்கிலிட்ட கயத்தாறைச் சுற்றி இன்று வரிசையாகக் காற்றாலைகள் சுற்றுவது இந்தக் காற்றை நம்பித்தான். இந்தியாவில் முதன்முதலாகக் காற்றாலைப் பண்ணை வைத்த இடங்களில் தூத்துக்குடியும் ஒன்று, ஆண்டு 1986. கரண்ட் எடுக்கிற அளவுக்குக் காற்றடிக்கிற சீமையில், டீசல் கணக்கில் மட்டும் காற்றுக்கு ஒரு கட்டம் கிடையாது!

"மருமவனே, வாகைக்குளம் தாண்டினா நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுத மாதிரி இருக்குலே" என்பார் மாமா. சரியாகத்தான் சொல்கிறார். வண்டி 60-இல் போகிறது, எதிர்க்காற்று 20-இல் வருகிறது என்றால் வண்டியின் மூஞ்சிக்கு அது 80. தடை 1,371 நியூட்டன், மைலேஜ் 7.3. மீட்டர் 60 காட்டும். டீசல் 80-க்குப் போகும்.

"போகையில் எதிர்க்காத்துன்னா வரையில் பின்காத்துதானே, சரியாப் போச்சுல்லா?" என்று முதலாளி கேட்டாராம். நல்ல கேள்வி. நம் வகுப்பில்கூடப் பாதிப் பேர் ஆமாம் என்றுதான் சொன்னார்கள். வர்க்கம் இருக்கிற இடத்தில் அப்படிச் சரியாகப் போகாது. அதே லோடோடு போய் அதே லோடோடு திரும்பினாலும், 50 கி.மீ. போக 6.9 லிட்டர், வர 2.6 லிட்டர், ஆக 9.5. காற்றே இல்லாத நாளில் போக வர 8.8 லிட்டர்தான். போகும்போது பிடுங்கியதை வரும்போது காற்று முழுசாகத் திருப்பித் தருவதில்லை, வட்டிக்கடைக்காரர் மாதிரி.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்தவர்கள் நாம். உயரமான, கனமில்லாத டிரெய்லரைக் கோத்துக்கொண்டு கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் வடக்கு தெற்காகப் போகிறவர்களுக்கு மைலேஜைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பக்கக்காற்றில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தால் முன் வண்டியையும் சேர்த்து இழுக்கும். அங்கே வேகத்தைக் குறைப்பது டீசலுக்காக மட்டும் இல்லை.

வெளிநாட்டு டிரெய்லர் வீட்டைப் பாருங்கள். நம் குடம் லோடின் உயரமும் உப்பு லோடின் எடையும் ஒன்றாகச் சேர்ந்தது அது. முன் வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் காற்று புகுந்து சுழல்வது வேறு. அவர்களில் சிலருக்கு இது ரொம்ப நாளைக்கு முன்பே புரிந்திருக்கிறது. 1934-இல் ஹாலி பௌலஸ் என்பவர் அலுமினியத்தில் முட்டை வடிவ டிரெய்லர் ஒன்றைச் செய்தார். அவர் தொழில் கிளைடர் விமானம் கட்டுவது! 1927-இல் அட்லாண்டிக்கைத் தனியாகத் தாண்டிய லிண்ட்பர்க்கின் விமானம் கட்டிய பட்டறையில் மேற்பார்வை பார்த்தவர். அந்த வடிவத்திலிருந்து வந்ததுதான் இன்றும் ஓடும் ஏர்ஸ்ட்ரீம். விமானம் கட்டியவருக்குக் காற்றின் அருமை தெரியும். கூரை போட்டவருக்கு மழைதான் தெரியும். பின்னால் வந்த பெரும்பாலான டிரெய்லர்கள் பெட்டி மாதிரியே இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் கட்டில் போடுவது சுலபம் என்பதும் உண்மையே.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்க அரசாங்கம் யாரையும் எடையைக் குறைக்கச் சொல்லவில்லை. 1974-இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கி.மீ.தான் உச்ச வேகம் என்று சட்டம் போட்டது. அந்தச் சட்டம் 1995-இல் போய்விட்டது. ஆனால் கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு இன்றும் 55 மைல்தான். நம் நாட்டில் 1978-இல் தொடங்கிய பெட்ரோலியம் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கமும் 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள் என்றுதான் சொல்லிவருகிறது. பெட்ரோல் பங்க் போர்டில் படித்திருப்போம், படித்துவிட்டு மிதித்திருப்போம்.

மீன் லோடு ஓட்டுகிறவரிடம் போய் 55-இல் போ என்று நான் சொல்லமாட்டேன். ஐஸ் கரையும், மீன் கெடும், மார்க்கெட் தவறும். அங்கே நேரம் டீசலைவிட விலை கூடியது. என் கணக்கிலும் ஓட்டை உண்டு. எஞ்சினின் திறன் எல்லா வேகத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. மிக மெதுவாகப் போனால் கணக்கு காட்டுகிற அளவு மிச்சம் கையில் வராது. ஊருக்குள் நின்று நின்று கிளம்பும் வண்டிக்கு எடைதான் மறுபடியும் ராஜா. ஏற்றமான ரோட்டிலும் அப்படியே. ஆனால் தூத்துக்குடி-நெல்லை ரோடு மலைப்பாதையா? தட்டு மாதிரி கிடக்கிறது.

ஆகவே டீசலை மிச்சப்படுத்தவேண்டும் என்றால் குடத்தைக் கேபின் உயரத்துக்கு மேல் கட்டாதீர்கள். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முன்பக்கம் சரிவாக வருகிற மாதிரி அடுக்கித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டுங்கள். படபடவென்று அடிக்கிற தார்ப்பாய் தின்பதும் டீசல்தான். டயரில் காற்றைச் சரியாக வையுங்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நாம் பட்டயம் வாங்கி வெளியே போகிறவர்கள். நம்மில் பத்துப் பேராவது ஏதோ ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில், சர்வீஸ் சென்டரில், துறைமுகத்து யார்டில் சூப்பர்வைசராக உட்காருவோம். டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடுவது நாமாகத்தான் இருக்கும். அதில் இப்போது லோடு எடைக்கு ஒரு கட்டம் இருக்கிறது, கிலோமீட்டருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. லோடின் உயரம், போன திசை, மாதம், முடிக்கச் சொன்ன நேரம், இவற்றுக்கும் கட்டம் போடாமல் ஒருவர் பேட்டாவில் கைவைக்க நமக்கு உரிமை கிடையாது என்பேன். ஆனி மாதம் மேற்கே போன குடம் லோடையும் தை மாதம் போன உப்பு லோடையும் ஒரே தராசில் நிறுக்கிறவர் டிப்ளமோ படித்திருந்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன?

மாமாவின் முதலாளியிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிடித்த பணம் இன்னும் வரவில்லை. ஒரு நடையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

காகிதக் கணக்கை நம்பமாட்டேன் என்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ லோடு வண்டி ஓட்டுகிறவர் இருந்தால், ஆடியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை, அதே வண்டி, அதே உயர லோடு, அதே ரோடு, டேங்க் வழிய நிரப்பி, போய் இறங்கியதும் மறுபடி வழிய நிரப்பிப் பாருங்கள். போகவும் வரவும் தனித்தனியாகக் குறிக்கவேண்டும். சேர்த்துக் குறித்தால் காற்று ஒளிந்துகொள்ளும். சங்க அறையில் இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், முதல் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.